எஸ்எஸ்டி மாட்டியாச்சு, வரிசையும் மாத்தியாச்சு, இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகுது

#1 தேரிமணல்

வணக்கம். டெஸ்க்டாப் விவரம்: எச்81 சிப்செட் போர்டு, இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. புதுசா 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டி, குளோன் மென்பொருள் வச்சு சி டிரைவை அதுக்கு காப்பி பண்ணியாச்சு.

பயாஸ்ல (ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற போர்டு மென்பொருள்) பூட் ஆப்ஷன் 1ல எஸ்எஸ்டி பேரை வச்சா கறுப்புத் திரையில "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்"னு வருது. "விண்டோஸ் பூட் மேனேஜர்"னு இருக்கிறதை முதல்ல வச்சா விண்டோஸ் வருது, ஆனா சி டிரைவ் பழைய டிஸ்க்தான். ஹார்டு டிஸ்க் கேபிளைக் கழட்டிட்டாலும் அதே கறுப்புத் திரை. எஸ்எஸ்டி கெட்டதா, வரிசை தப்பா?

#2 பூஜ்யசெக்டார்

எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கும். வரிசையைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டுங்கள். "பயாஸ் மோட்" என்ற வரியில் யூஈஎஃப்ஐ (புதிய துவக்க முறை) என்றிருக்கிறதா, லெகஸி (பழைய முறை) என்றிருக்கிறதா?

இரண்டு: டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, இடது ஓரத்தில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று சாம்பல் நிறக் கட்டம் தெரியும், அதன்மேல் வலது க்ளிக், ப்ராப்பர்டீஸ், வால்யூம்ஸ். "பார்ட்டிஷன் ஸ்டைல்", அதாவது டிஸ்க்கைப் பிரித்துக் குறித்து வைக்கும் முறை, எம்பிஆரா (பழையது) ஜிபிடியா (புதியது)? இரண்டு டிஸ்க்குக்கும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

#3 தேரிமணல்

பயாஸ் மோட் யூஈஎஃப்ஐ. ஹார்டு டிஸ்க் ஜிபிடி. அதுல 100 எம்பி இஎஃப்ஐ, சி, டி, கடைசியில ஒரு ரெக்கவரி. எஸ்எஸ்டி எம்பிஆர், 223 ஜிபின்னு ஒரே பார்ட்டிஷன்.

#4 பூஜ்யசெக்டார்

அதுதான் காரணம். உங்கள் எஸ்எஸ்டியில் விண்டோஸ் இருக்கிறது, அதைத் துவக்கி வைக்கிற கோப்பு இல்லை.

பழைய லெகஸி முறையில் பயாஸ் டிஸ்க்கின் முதல் செக்டாரை, அதாவது முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால் உள்ளே இருக்கிற குறிமுறையை ஓடவிடும். அங்கே பூட் வரிசை என்றால் டிஸ்க் வரிசைதான்.

யூஈஎஃப்ஐ அப்படியில்லை. அது டிஸ்க்கிலுள்ள ஃபாட்32 வடிவ (கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறை) பார்ட்டிஷன் ஒன்றைத் திறந்து (உங்களுடைய 100 எம்பி இஎஃப்ஐ அதுதான்) அதற்குள் இருக்கும் கோப்பை ஓட்டும். எந்தப் பார்ட்டிஷன், எந்தக் கோப்பு என்ற விவரம் போர்டிலுள்ள நினைவகத்தில் ஒரு பதிவாக எழுதப்பட்டிருக்கும். பட்டியலில் தெரிகிற "விண்டோஸ் பூட் மேனேஜர்" அந்தப் பதிவின் பெயர், டிஸ்க்கின் பெயர் அல்ல. உங்கள் பதிவு காட்டுவது ஹார்டு டிஸ்க்கிலுள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை. அது பழைய சி டிரைவைத்தான் ஏற்றும். எஸ்எஸ்டி பெயரை முதலில் வைத்தால் போர்டு லெகஸி முறையில் முதல் செக்டாரைத் தேடிப் போகிறது; அங்கே எதுவும் கிடைக்காததால் கறுப்புத் திரை.

செய்ய வேண்டியது:

எஸ்எஸ்டியிலுள்ள பார்ட்டிஷனை நீக்கிவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த டிஸ்க்மேல் வலது க்ளிக் செய்து "கன்வர்ட் டு ஜிபிடி டிஸ்க்" கொடுங்கள். டிஸ்க் முழுக்கக் காலியாக இருந்தால்தான் அந்த வரி உயிரோடு தெரியும். பிறகு குளோன் மென்பொருளில் சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுக்காமல், "டிஸ்க் குளோன்" பகுதிக்குப் போய் இஎஃப்ஐ, 16 எம்பி எம்எஸ்ஆர் (விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் சின்ன இடம்; இது டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியாது, குளோன் மென்பொருளில் தெரியும்), சி, ரெக்கவரி நான்கையும் டிக் செய்யுங்கள். டி வேண்டாம், அது பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். சி டிரைவின் அளவு 223 ஜிபிக்குள் அடங்க வேண்டும்; அடங்காவிட்டால் முதலில் அதை ஷ்ரிங்க் செய்துகொள்ளுங்கள்.

குளோன் முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள். ஷட்டவுன் செய்து, பவர் கார்டை உருவி, ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழட்டிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து முதல் முறை துவக்குங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே அடையாள எண்ணோடு இரண்டு டிஸ்க் இருந்தால், விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் போட்டுவிடும். பூட் மேனேஜர் எதைப் பிடிக்கும் என்பதும் நம் கையில் இல்லை. எஸ்எஸ்டி தனியாக ஒருமுறை ஏறிவிட்டால் போதும், பிறகு ஹார்டு டிஸ்க்கை மாட்டலாம்.

மாட்டியபின் பயாஸில் இரண்டு "விண்டோஸ் பூட் மேனேஜர்" தெரியக்கூடும். பக்கத்திலேயே அடைப்புக்குள் டிஸ்க்கின் மாடல் பெயர் இருக்கும். எஸ்எஸ்டி பெயர் உள்ளதை முதலில் வைத்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.

#5 சாலிடர்வாசம்

மேல சொன்னது சரி. எச்81ல ஒரு சேதி: நாலு சாட்டா போர்ட்ல ரெண்டுதான் 6 ஜிபிட், மத்த ரெண்டு 3 ஜிபிட். எஸ்எஸ்டியை 3 ஜிபிட் போர்ட்ல சொருகினா வேகம் பாதியாயிடும். போர்ட் நிறத்தை நம்பாதீங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம். போர்டு மேலயே பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும், டார்ச் அடிச்சுப் படிங்க.

அப்புறம் லெகஸியில ஓடுற பழைய போர்டு வச்சிருக்கிறவங்களுக்கு: பூட் ஆப்ஷன் பட்டியல்ல ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்தான் தெரியும், இன்னொண்ணு காணோம்னு குழம்புவாங்க. காணாம போகல. கீழே "ஹார்டு டிரைவ் பிபிஎஸ் ப்ரையாரிட்டீஸ்"னு தனி மெனு இருக்கும். அதுக்குள்ள எந்த டிஸ்க்கை முதல்ல வைக்கிறோமோ அது மட்டும்தான் வெளியே பட்டியல்ல தலைகாட்டும். முதல்ல அங்க மாத்தி, பிறகு வெளியே வந்து பூட் ஆப்ஷன் 1ஐ மாத்தணும். பழைய போர்டில் "டிஸ்க் மாத்தவே முடியல"ன்னு வர்ற கேள்வியில பாதி இந்த மெனுவைப் பார்க்காததுதான்.

#6 கொல்லப்பட்டறை

இவ்வளவு எதுக்கு? சிமோஸ் செல்லை (போர்டுல இருக்கிற பொத்தான் பேட்டரி) அஞ்சு நிமிஷம் கழட்டி மாட்டுங்க, பயாஸ் ரீசெட் ஆகி எல்லாம் சரியாயிடும்.

#7 பூஜ்யசெக்டார்

ஆகாது. இல்லாத துவக்கக் கோப்பை ரீசெட் எங்கிருந்து கொண்டுவரும்? அதோடு, ரீசெட் செய்தால் சாட்டா மோடும் (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை: ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு என்று வகைகள்) டீஃபால்டுக்குப் போகும். பழைய போர்டுகள் சிலவற்றில் டீஃபால்ட் ஐடிஇ; பிராண்டட் டெஸ்க்டாப்களில் ரெய்டு ஆன் என்று இருப்பதும் உண்டு. ஏஎச்சிஐயில் நிறுவிய விண்டோஸ் வேறு மோடில் ஏறும்போது "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை போடும். ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும்.

யாருக்காவது அப்படி ஆகியிருந்தால், பயாஸில் மோடைப் பழையபடி மாற்றினாலே விண்டோஸ் திரும்பி வந்துவிடும். வேண்டுமென்றே ஐடிஇயிலிருந்தோ ரெய்டிலிருந்தோ ஏஎச்சிஐக்குப் போகிறவர்கள் முதலில் எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் டேபில் "சேஃப் பூட்" டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்து, நேராகப் பயாஸுக்குள் போய் மோடை மாற்ற வேண்டும். சேஃப் மோடில் ஏறும்போது விண்டோஸ் சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். ரெய்டில் இரண்டு டிஸ்க்கை உண்மையாகவே சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக்கூடாது, தரவு போய்விடும்.

#8 சாலிடர்வாசம்

செல்லைப் பத்திப் பேச்சு வந்ததால ஒண்ணு. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் வரிசை மாறிடுது, தேதியும் பின்னாடி போயிடுதுன்னா அப்பதான் செல் மேல சந்தேகப்படணும். சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டர்ல 2.8க்குக் கீழே காட்டினா மாத்திடுங்க. வாட்ச் கடையிலயே கிடைக்கும். எழுத்து இருக்கிற பக்கம் மேலே. பிடிப்போட சின்னக் கொக்கியை நகத்தால தள்ளினா செல் தானா எகிறும், ஸ்க்ரூடிரைவரால நெம்பாதீங்க. அந்தக் கொக்கி உடைஞ்சா செல் நிக்காது. புது செல் போட்டதும் முதல் வேலையா தேதி, சாட்டா மோட், சிஎஸ்எம் (லெகஸி முறையை அனுமதிக்கிற அமைப்பு), பூட் வரிசை நாலையும் பாருங்க. மாத்துறதுக்கு முன்னாடி பயாஸ் பக்கங்களை போன்ல படம் எடுத்து வச்சுக்கிட்டா நல்லது.

#9 வேப்பங்குச்சி

இடையில ஒரு கேள்வி. என்னோடது பிராண்டட் டெஸ்க்டாப். ஆன் பண்ணினா லோகோ கண்ணுல படுறதுக்குள்ள விண்டோஸ் வந்துடுது. எந்த விசையைத் தட்டினாலும் பயாஸ் வரலை.

#10 மின்னல்பலகை

விசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. டெல்லில் பயாஸுக்கு எஃப்2, ஒருமுறை மட்டும் தேர்ந்தெடுக்கிற பூட் மெனுவுக்கு எஃப்12. எச்பியில் எஸ்கேப் தட்டினால் பட்டியலே வரும். அதில் எஃப்9 பூட் மெனு, எஃப்10 பயாஸ். லெனோவோ திங்க்சென்டரில் எஃப்1 பயாஸ், எஃப்12 மெனு. தனியாக வாங்கும் போர்டுகளில் பயாஸுக்குப் பெரும்பாலும் டெலீட். பூட் மெனுவுக்கு ஏசஸில் எஃப்8, ஜிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐயிலும் ஏஎஸ்ராக்கிலும் எஃப்11.

விசை சரியாக இருந்தும் வரவில்லையென்றால் மூன்று காரணம். விண்டோஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் இல்லை, பாதித் தூக்கம்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாக இறங்கி ஏறும். இரண்டாவது, பயாஸிலேயே "ஃபாஸ்ட் பூட்" இருந்தால் யூஎஸ்பி கீபோர்டு விழிப்பதற்குள் கட்டம் தாண்டிப் போய்விடும். மூன்றாவது, கீபோர்டு முன்பக்க போர்ட்டிலோ யூஎஸ்பி ஹப்பிலோ இருப்பது. பின்னால் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0ல் சொருகிப் பாருங்கள். ஒயர்லெஸ் கீபோர்டைக் கொஞ்சநேரம் ஓரங்கட்டுங்கள்.

இந்தக் கூத்தே வேண்டாம் என்றால்: ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே ரீஸ்டார்ட்டை க்ளிக் செய்யுங்கள். நீலத்திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், "யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்". அங்கே ரீஸ்டார்ட் கொடுத்தால் நேராகப் பயாஸில் போய் நிற்கும். அந்த வரியே இல்லையென்றால் உங்கள் விண்டோஸ் லெகஸியில் ஓடுகிறது என்று அர்த்தம்.

பிராண்டட் என்பதால் ஒரு எச்சரிக்கை. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செக்யூர் பூட்டையோ (நம்பகமான துவக்கக் கோப்பை மட்டும் ஓடவிடும் அமைப்பு) பூட் வரிசையையோ மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நின்றுவிடலாம். பிட்லாக்கரில் "சஸ்பெண்ட்" கொடுத்துவிட்டு மாற்றுங்கள், ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துவிட்டு.

#11 வேப்பங்குச்சி

ஷிஃப்ட் வழியில உள்ளே போயாச்சு. நன்றி. இப்ப விண்டோஸ் பென்டிரைவ் பட்டியல்ல ரெண்டு தடவை தெரியுது. எதைத் தேர்ந்தெடுக்கணும்? பூட் ஆப்ஷன் 1ஆ பென்டிரைவையே வச்சிடலாமா?

#12 மின்னல்பலகை

முன்னால் "யூஈஎஃப்ஐ:" என்று ஒட்டியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாத வரி அதே பென்டிரைவை லெகஸியில் ஏற்றும். அப்படி ஏற்றினால் இன்ஸ்டாலர் கடைசியில் டிஸ்க் தேர்வுப் பக்கத்தில் "செலக்டட் டிஸ்க் ஈஸ் ஆஃப் த ஜிபிடி பார்ட்டிஷன் ஸ்டைல்" என்று மறுத்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து டிஸ்க்கை எம்பிஆருக்கு மாற்றி, இருந்த தரவையெல்லாம் துடைத்துவிடுகிறவர்கள் உண்டு. டிஸ்க்கில் கோளாறு இல்லை. பென்டிரைவை ஏற்றிய விதம்தான் தப்பு.

பூட் ஆப்ஷன் 1ஆக நிரந்தரமாக வைக்காதீர்கள். எஃப்12 மெனு அதற்குத்தான் இருக்கிறது: இந்த ஒரு முறைக்கு மட்டும் பென்டிரைவ், வரிசை மாறாது. பென்டிரைவை முதலில் வைத்துவிட்டால், நிறுவல் பாதியில் ரீஸ்டார்ட் ஆகும்போது மறுபடி பென்டிரைவே ஏறி முதல் பக்கத்திலிருந்து "மொழியைத் தேர்ந்தெடு" என்று ஆரம்பிக்கும்.

#13 கொல்லப்பட்டறை

வரிசையை மாத்தி வச்சா என்ன, முதல் ரீஸ்டார்ட்ல பென்டிரைவை உருவிட்டா போச்சு. கடையில தினமும் அப்படித்தான் செய்றாங்க.

#14 மின்னல்பலகை

வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் வரிசையைத் திருப்பி வைக்க மறந்துவிடுவார்கள். பிறகு யாரோ ஒரு பென்டிரைவைச் சொருகியபடியே ஆன் செய்வார்கள், கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் நிற்கும், "ஹார்டு டிஸ்க் போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

#15 பாலைத்திணை

பென்டிரைவ் பட்டியலில் வரவே வரவில்லை என்கிறவர்களுக்கும் சேர்த்து: ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் முழு நகல்) அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. 8 ஜிபி அல்லது அதற்கு மேலுள்ள பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் வைத்து எழுதுங்கள். "பார்ட்டிஷன் ஸ்கீம்" ஜிபிடி, "டார்கெட் சிஸ்டம்" யூஈஎஃப்ஐ. லெகஸி மட்டுமே உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு எம்பிஆர். ஃபாட்32ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. இன்றைய விண்டோஸ் ஐஎஸ்ஓவிலுள்ள இன்ஸ்டால்.விம் பலசமயம் அதைத் தாண்டிவிடுகிறது. ரூஃபஸ் அதற்காக என்டிஎஃப்எஸ் என்ற வேறு வடிவில் எழுதி, ஓரத்தில் ஒரு குட்டிப் பார்ட்டிஷனை வைத்துச் சமாளிக்கும். அந்தக் குட்டிப் பார்ட்டிஷனை வைரஸ் என்று நினைத்து அழிக்காதீர்கள்.

#16 சிறுகுடில்

எங்கள் கம்ப்யூட்டர் 8ஆம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10 லெகஸி, எம்பிஆர். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, 11க்கு யூஈஎஃப்ஐ கேட்கிறது. ஃபார்மட் அடிக்காமல் மாற்ற வழி உண்டா?

#17 பூஜ்யசெக்டார்

உண்டு. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் முதலில் வேலிடேட் என்ற சொல்லோடு ஓட்டுங்கள். அது சோதனை மட்டும், எதையும் மாற்றாது. டிஸ்க் எண்ணையும், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிலிருந்தே செய்வதால் "அலவ்ஃபுல்ஓஎஸ்" என்பதையும் சேர்க்க வேண்டும். சோதனை வெற்றி என்று வந்தால் வேலிடேட்டுக்குப் பதில் கன்வர்ட்.

சோதனை தோற்றால் பெரும்பாலும் பார்ட்டிஷன்தான் காரணம். பிரைமரி மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, எக்ஸ்டெண்டடும் லாஜிக்கலும் இருக்கவே கூடாது. நம் ஊரில் சி, டி, இ, எஃப் என்று கடையில் பிரித்துக் கொடுத்த டிஸ்க்கில் லாஜிக்கல் கட்டாயம் இருக்கும். இ, எஃப் தரவை வெளியே எடுத்து வைத்து, அவற்றை நீக்கினால்தான் கருவி ஒப்புக்கொள்ளும்.

மாற்றி முடித்ததும் பயாஸில் சிஎஸ்எம்மை அணைத்து யூஈஎஃப்ஐக்கு மாற்றும்வரை விண்டோஸ் ஏறாது. பதற வேண்டாம், அது எதிர்பார்த்ததுதான். டிபிஎம் 2.0ஐயும் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) பயாஸில் ஆன் செய்துவிடுங்கள். இன்டெல்லில் அதன் பெயர் பிடிடி. முக்கியமான தரவுக்கு முன்கூட்டியே வேறு டிஸ்க்கில் நகல் வேண்டும், சொல்லத் தேவையில்லை.

#18 சாலிடர்வாசம்

சிஎஸ்எம் அணைக்கிறதுக்கு முன்னாடி கிராபிக்ஸ் கார்டைப் பாருங்க. ரொம்பப் பழைய கார்டுன்னா யூஈஎஃப்ஐக்குத் தேவையான ஃபர்ம்வேர் அதுல இருக்காது. அணைச்சுட்டு சேவ் பண்ணினா திரையே வராது, பயாஸுக்குள்ள போய்த் திருப்பவும் முடியாது. அப்படி மாட்டிக்கிட்டா கார்டைக் கழட்டிட்டு போர்டுல இருக்கிற டிஸ்ப்ளேல கேபிளை மாட்டுங்க. ப்ராசஸர்ல கிராபிக்ஸ் இல்லைன்னா க்ளியர் சிமோஸ்தான்: பவர் கார்டை உருவி, செல் பக்கத்துல ரெண்டு ஊசி தனியா நிக்கும், எம்எஸ்ஐல அதுக்குப் பேர் ஜேபிஏடி1, ஏசஸ்ல சிஎல்ஆர்டிசி. ஸ்க்ரூடிரைவர் முனையால ரெண்டையும் பத்து செகண்ட் சேர்த்துத் தொடுங்க.

#19 வேப்பங்குச்சி

எச்81ல என்விஎம்இ (பிசிஐஇ வழியா ஓடுற எஸ்எஸ்டி) போட முடியுமா? சாட்டாவைவிட வேகம்னு சொல்றாங்களே.

#20 பாலைத்திணை

பிசிஐஇ அடாப்டரில் மாட்டினால் விண்டோஸுக்குள் தெரியும், தரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்துப் பயாஸில் என்விஎம்இ டிரைவர் பொதுவாக இல்லாததால் பூட் பட்டியலில் வராது. க்ளோவர் என்ற துவக்க மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு அதன் வழியாக ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அந்தப் பென்டிரைவ் ஆயுளுக்கும் சொருகியே இருக்க வேண்டும். 4ஆம் தலைமுறைக்கு சாட்டா எஸ்எஸ்டியே போதும், நொடிக்கு 500 எம்பிக்கு மேல் வரும்.

#21 கோடைமழை

லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கிரப் மெனு (எதை ஏற்ற வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் துவக்கப் பட்டியல்) வராமல் நேராக விண்டோஸ் போனால் லினக்ஸை மறுபடி நிறுவாதீர்கள். பெரும்பாலும் பதிவு இருக்கும், வரிசைதான் மாறியிருக்கும். பயாஸில் உபுண்டு என்ற பதிவை மேலே ஏற்றினால் சரி. லினக்ஸுக்குள்ளிருந்து என்றால் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கருவி பதிவுகளை எண்ணோடு காட்டும், வரிசையையும் மாற்றும்.

#22 தேரிமணல்

பூஜ்யசெக்டார் சொன்னபடி எஸ்எஸ்டியை ஜிபிடி ஆக்கி, நாலு பார்ட்டிஷனையும் குளோன் பண்ணி, ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டு ஆன் பண்ணினப்போ முதல்ல நீலத்திரையில 0xசி000000இ. பாலைத்திணை சொன்ன மாதிரி பென்டிரைவ் ரெடியா இருந்ததால ரிப்பேர் பக்கம் வரைக்கும் போயாச்சு. அடுத்து என்ன?

#23 பூஜ்யசெக்டார்

நல்ல செய்திதான். பூட் மேனேஜர் எஸ்எஸ்டியிலிருந்து ஏறிவிட்டது, விண்டோஸ் எங்கே என்ற அதன் குறிப்புதான் இன்னும் பழைய டிஸ்க்கைக் காட்டுகிறது.

அதே ரிப்பேர் பக்கத்தில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து டிஸ்க்பார்ட் (பார்ட்டிஷன்களைக் கையாளும் கருவி) உள்ளே போங்கள். வால்யூம் பட்டியலில் ஃபாட்32, 100 எம்பி என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்து எஸ் என்ற எழுத்தை ஒதுக்குங்கள். வெளியே வந்து, துவக்கக் கோப்புகளை எழுதும் பிசிடிபூட் கட்டளை. அதற்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஃபோல்டர் எங்கே, இஎஃப்ஐ பார்ட்டிஷனின் எழுத்து எது, ஃபர்ம்வேர் வகை யூஈஎஃப்ஐ. ஒன்று கவனம்: ரிப்பேர் பக்கத்தில் எழுத்துகள் இடம் மாறும், உங்கள் சி அங்கே டி என்றோ இ என்றோ இருக்கலாம். எதில் விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறது என்று டிர் போட்டுப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். "பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி க்ரியேட்டட்" என்று வர வேண்டும்.

#24 தேரிமணல்

வந்துடுச்சு. எங்க சி அங்க இ ஆயிருந்தது. இப்ப ஹார்டு டிஸ்க்கையும் மாட்டியாச்சு, ரெண்டு பூட் மேனேஜர் தெரியுது, எஸ்எஸ்டி உள்ளதை முதல்ல வச்சாச்சு. சி டிரைவ் 223க்குள்ள காட்டுது. பழைய டிஸ்க்கோட 100 எம்பி இஎஃப்ஐயை நீக்கப் போனா டிலீட் மங்கலா இருக்கே?

#25 பூஜ்யசெக்டார்

டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை நீக்க விடாது. டிஸ்க்பார்ட்டில் டிலீட் பார்ட்டிஷனோடு ஓவர்ரைடு சேர்த்தால்தான் நீங்கும். ஆனால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள், எஸ்எஸ்டியில் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நீக்கலாம். நீக்கும்போது டிஸ்க் எண்ணை நம்பாமல் அளவைப் பாருங்கள்: 465 ஜிபி என்றிருப்பதுதான் பழைய டிஸ்க். சாட்டா போர்ட்டை மாற்றிச் சொருகினால் 0, 1 இடம் மாறிவிடும்.